ஆயிரத்துத் தொண்ணூற்றைந்து நாள்

இரவுச் சாப்பாடு முடிந்து, மேசையைத் துடைத்து, பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகுதான் அந்த வேலை தொடங்கும். டொரண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவிலும் நகருக்கு மேற்கே மிசிசாகாவிலும் பிராம்ப்டனிலும் எத்தனையோ தமிழ் வீடுகளில் நடக்கிற வேலை. மேசை மேல் காலாவதியான பாஸ்போர்ட், புது பாஸ்போர்ட், அச்செடுத்த விமான டிக்கெட்டுகள், ஒரு நோட்டு. கணவர் பக்கம் பக்கமாகப் புரட்டி முத்திரைகளைப் படிக்க, மனைவி எழுதிக்கொள்வார்.

“சென்னையில இறங்கினது ஜனவரி ஒன்பது. திரும்பி ஏறினது... மை அழிஞ்சிருக்கு. மூணா எட்டான்னு தெரியலையே.”

“ஏங்க, அக்கா பொண்ணு கல்யாணம் பிப்ரவரி இருபத்திரண்டு. மறுவீடு முடிஞ்சு ஒரு வாரம் இருந்தோம். அப்ப மார்ச் மூணுதான்.”

கல்யாணம், காதுகுத்து, கருமாதி, அப்பாவின் கண் ஆபரேஷன், மனை கிரயப் பதிவு என்று ஊரோடு இருந்த ஒட்டுறவெல்லாம் அந்த நோட்டில் வெறும் நாட்களாகிவிடும். கனடாவில் இருந்த நாள் ஒரு பக்கம், இல்லாத நாள் ஒரு பக்கம். கூட்டிப் பார்த்தால் 1,095 வரவேண்டும். வந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். 1,094 என்றால் முடியாது.

சட்டம் இவ்வளவுதான் கேட்கிறது: விண்ணப்பத்தில் கையெழுத்திடும் நாளுக்கு முந்திய 5 ஆண்டுகளில், மூன்று வருஷத்துக்குச் சமமான 1,095 நாட்கள் நீங்கள் கனடா மண்ணில் இருந்திருக்க வேண்டும். வருமான வரிக் கணக்கு, 18 முதல் 54 வயது வரை உள்ளவர்களுக்கு மொழித் தகுதியும் ஒரு சின்னத் தேர்வும், குற்றப் பின்னணி இல்லாமை ஆகியவையும் உண்டு. படித்துத் தேறலாம், வரிக் கணக்கைப் பிறகுகூடச் சரிசெய்யலாம். கழிந்துபோன நாளை மட்டும் யாரும் திரும்பப் பெற முடியாது. ஆகவேதான் அந்த மேசையில் அவ்வளவு கவலை.

நிரந்தரம் என்ற சொல்

குடியுரிமைக்கு முந்திய படிக்கு நிரந்தரக் குடியிருப்பு என்று பெயர். இலங்கைத் தமிழர்கள் நிரந்தர வதிவிட உரிமை என்பார்கள். பேச்சில் எல்லாருக்கும் அது பிஆர்தான். பெயரில் நிரந்தரம் இருப்பதால் பலர் அதை நம்பி நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். பிஆர் என்பது நிபந்தனையோடு தரப்பட்ட இடம். 2002-ல் நடைமுறைக்கு வந்த குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒவ்வொரு 5 ஆண்டிலும் 730 நாள் கனடாவில் இருந்ததாகக் காட்டவேண்டும். பிஆர் உள்ளவருக்கு வாக்குரிமை இல்லை, கனடா பாஸ்போர்ட் இல்லை. ஒரு குற்ற வழக்கில் 6 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றால் நாட்டைவிட்டு வெளியேற்றும் உத்தரவு வரலாம். அதை எதிர்த்துக் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகும் உரிமையும் அவருக்கு இருக்காது. குடிமகன் ஆகிவிட்டால் இந்தக் கணக்கு முழுவதும் ஒழிந்துபோகும். 10 வருஷம் மதுரையில் வாழ்ந்துவிட்டு வந்தாலும் எங்கே இருந்தாய் என்று கேட்க ஆளில்லை.

ஆக, ஒருவர் தலைமேல் ஒரே நேரத்தில் இரண்டு கணக்குகள் ஓடுகின்றன. பிஆரைக் காப்பாற்ற 730, குடியுரிமைக்கு 1,095. இரண்டும் ஒரே மாதிரி எண்ணப்படுவதாக நினைப்பதுதான் நான் கண்டவரையில் மிகுந்த இழப்பைத் தரும் பிழை.

730 கணக்கில் சில சலுகைகள் உண்டு. கனடியக் குடிமகனான கணவரோடோ மனைவியோடோ வெளிநாட்டில் சேர்ந்து வாழ்ந்த நாட்களும் அதில் சேரும். கனடிய நிறுவனம் ஒன்று தன் முழுநேர ஊழியரை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பினால் அந்த நாட்களும் சேரும். அதற்கும் மேலே, மனிதாபிமானக் காரணங்களை எடுத்துச் சொல்லிப் பிஆரைக் காப்பாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது. 1,095 கணக்கில் இவை எதுவும் செல்லாது. கனடா ராணுவத்திலோ, மத்திய, மாகாண அரசுப் பணியிலோ வெளிநாடு அனுப்பப்பட்டவர்களுக்கும் அவர்களோடு வசிக்கும் துணைக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும் விலக்கு. குடிமகனான கணவருக்குத் துபாயில் தனியார் வேலை, கூடவே மனைவியும் மூன்று வருஷம் இருந்தார் என்றால், மனைவியின் பிஆருக்கு ஒரு கீறலும் விழாது. அவருடைய குடியுரிமைக் கணக்கில் அந்த மூன்று வருஷத்துக்கு ஒரு நாள்கூட ஏறாது. பிஆர் கார்டைப் புதுப்பித்துக் கொடுத்துவிட்டார்களே, அப்படியானால் குடியுரிமைக்கும் தகுதி இருக்கும் என்று நம்பி விண்ணப்பித்து, மறுப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

இன்னொரு தவறான நம்பிக்கை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ‘ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காலை வைத்துவிட்டுப் போனால் போதும்’ என்பது. அது அமெரிக்காவின் கிரீன் கார்டுக்காரர்கள் பேச்சிலிருந்து கசிந்து வந்தது. அமெரிக்கச் சட்டம் ஒவ்வொரு பயணத்தையும் தனித்தனியாகப் பார்க்கும். ஒரே பயணம் 6 மாதத்தைத் தாண்டினால் தொடர்ச்சியான குடியிருப்பு அறுந்துவிட்டதாகக் கருதுவார்கள். அப்படி இல்லை என்று விண்ணப்பிப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். ஒரு வருஷத்தைத் தொட்டுவிட்டால் சில குறிப்பிட்ட வேலைகளுக்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்கியவர்களைத் தவிர மற்றவர்களுக்குத் தொடர்ச்சி தானாகவே அறுந்துவிடும். நீண்ட நாள் வெளியே இருக்க வாங்கும் மறுநுழைவு அனுமதி கிரீன் கார்டைக் காக்க உதவுமே தவிர, குடியுரிமைக்கான தொடர்ச்சியைக் காக்காது. தொடர்ச்சிக்கு அப்பால் 5 ஆண்டில் பாதி நாள், அதாவது 30 மாதம், அங்கே இருந்திருக்கவும் வேண்டும். கனடா அப்படியல்ல. ஒரே மூச்சில் இரண்டு வருஷம் போனாலும் சரி, இருபது தடவை போனாலும் சரி, கூட்டுத்தொகைதான் கணக்கு. ஆகையால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து ஒரு வாரம் தங்குகிறவருக்குக் கனடாவில் அந்த ஒரு வாரம்தான் கிடைக்கும்.

நகர்ந்துகொண்டே இருக்கும் ஐந்து ஆண்டு

கூட்டுத்தொகைதானே, இப்போது குறைந்தால் பிறகு இருந்து நிரப்பிக்கொள்ளலாம் என்று தோன்றும். இங்கேதான் கணக்கு கடினமாகிறது. அந்த 5 ஆண்டு ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒவ்வொரு விடியலிலும் முன்பக்கம் ஒரு நாள் சேரும்போது பின்பக்கம் ஒரு நாள் கழன்று விழுகிறது.

ஒரு பெண் பிஆரோடு வந்து இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் நாள் நகராமல் இருக்கிறார். வேலை, குழந்தை, பனிக்காலம், வாடகை என்று போகிறது. இன்னும் 95 நாள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். அந்த நேரத்தில் தஞ்சாவூரிலிருந்து போன் வருகிறது. அம்மாவுக்குப் பக்கவாதம். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. போகிறார். இரண்டு வருஷம், சரியாக 730 நாள், அம்மாவின் கட்டிலருகே இருந்து எல்லாவற்றையும் முடித்துவிட்டுத் திரும்புகிறார். வந்த பிறகு 95 நாள் இருந்தால் 1,095 ஆகிவிடும். ஆயிரமும் 730-ம் 95-ம் சேர்ந்தால் 1,825. ஐந்து ஆண்டு என்பதும் அதுவே. இடையில் ஒரு லீப் வருஷம் வந்தால் இன்னும் ஒரு நாள் கூடுதல். மயிரிழையில் உள்ளே வந்துவிட்டார்.

அவர் 730-க்குப் பதில் 740 நாள் இருந்துவிட்டார் என்றால்? பத்து நாள்தானே, பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் இருந்துவிட்டு வருகிறேன் என்று டிக்கெட்டைத் தள்ளிப்போட்டார் என்றால்? திரும்பிவந்து 85 நாள் ஆனதும் அவர் கணக்கில் 1,085 இருக்கும். அன்றோடு 5 ஆண்டு நிறைந்துவிடுகிறது. 86-ம் நாள் காலை எழுந்தால் ஒரு நாள் கூடும். அதே காலையில், அவர் முதன்முதலில் இந்த நாட்டில் இறங்கிய நாள் கணக்கைவிட்டு விழுந்துவிடும். மறுநாளும் அப்படியே. வேலைக்குப் போகிறார், வரி கட்டுகிறார், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறார், கணக்கு 1,085-லேயே நிற்கிறது. முதலில் இருந்த ஆயிரம் நாளும் ஒவ்வொன்றாகக் கழன்று முடியும் வரை அது அசையாது. அதற்குப் பிறகுதான் அம்மாவோடு இருந்த நாட்கள் பின்பக்கத்தில் கழலத் தொடங்கி, எண்ணிக்கை ஏறும். மொத்தத்தில், திரும்பிவந்த பிறகு 1,095 நாள் அவர் முழுசாக இருந்தாக வேண்டும்.

அந்தப் பத்து நாளின் விலை ஆயிரம் நாள்.

இதை நான் பலமுறை தாளில் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் நெஞ்சு கனத்தது. இந்தக் கணக்கைப் போகும்போதே யாராவது அவருக்குப் போட்டுக் காட்டியிருந்தால், இடையில் ஒரு மாதம் வந்துவிட்டுப் போயிருப்பார். அல்லது தெரிந்தே, அம்மாதான் பெரிது என்று இருந்திருப்பார். எதுவானாலும் அது அவருடைய முடிவாக இருந்திருக்கும். தெரியாமல் இழப்பதுதான் கொடுமை.

பிஆர் கிடைப்பதற்கு முன்பே மாணவராகவோ, வேலை அனுமதியிலோ, அகதியாக ஏற்கப்பட்டவராகவோ கனடாவில் இருந்தவர்களுக்கு ஒரு கைகொடுப்பு உண்டு. அந்த நாட்கள் பாதி நாளாக, அதிகபட்சம் 365 நாள் வரை சேர்த்துக்கொள்ளப்படும். இரண்டு வருஷம் படித்தவருக்கு ஒரு வருஷம் கிடைத்த மாதிரி. அகதிகளுக்கு இதில் ஒரு வலி இருக்கிறது. பாதுகாப்புக்கு உரியவர் என்று தீர்ப்பான நாளிலிருந்துதான் அந்தப் பாதி நாள் தொடங்கும். முடிவுக்காகக் காத்திருந்த காலம் எவ்வளவு நீண்டாலும் சேராது. 2010 ஆகஸ்டில் எம்வி சன் சீ கப்பலில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வந்திறங்கிய 492 தமிழர்களில் பலர் தீர்ப்புக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். மண்ணைவிட்டு ஒரு நாளும் நகராமல் இருந்தும் ஏட்டில் ஏறாத நாட்கள் என்று சில உண்டு.

மூன்று நீதிபதிகள், மூன்று கேள்விகள்

இப்படி நாளை எண்ணுவது எப்போதும் இருந்த வழக்கம் அல்ல. 1977-ல் நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டம் 4 ஆண்டில் 3 ஆண்டு கனடாவில் வசித்திருக்க வேண்டும் என்றது. வசிப்பது என்றால் என்ன என்று அது சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நீதிமன்றம் 30 வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டியது.

முதல் பெரிய தீர்ப்பு 1978-ல் நீதிபதி தர்லோ கொடுத்தது. விண்ணப்பித்தவர் ஒரு மாணவர். நோவா ஸ்கோஷியாவில் தங்கியிருந்தவர், படிப்புக்காக எல்லை தாண்டி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் போய்விட்டார். தட்டுமுட்டுச் சாமான்களை இங்கேயே விட்டுவைத்திருந்தார், விடுமுறைக்கு இங்கேதான் வந்தார். உடம்பு எங்கே இருக்கிறது என்பதைவிட வாழ்க்கையின் மையம் எங்கே இருக்கிறது என்பதே முக்கியம் என்று தர்லோ முடிவெடுத்தார். நம் ஊர்க்காரருக்கு இது எளிதில் புரியும். சென்னையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவரிடம் எந்த ஊர் என்று கேட்டால் திருவாரூர் என்பார்.

1992-ல் நீதிபதி ரீட் வேறு ஒரு கேள்வியைக் கேட்டார். விண்ணப்பித்தவர் வழக்கமாக, இயல்பாக வாழ்கிற இடம் எது? அதைக் கண்டறிய ஆறு அளவுகோல்களை வகுத்தார். வெளியே போவதற்கு முன் எவ்வளவு காலம் இங்கே இருந்தார், மனைவி மக்கள் எங்கே இருக்கிறார்கள், வரும்போது வீட்டுக்குத் திரும்புகிறாரா அல்லது விருந்தாளிபோல வந்துபோகிறாரா, குறைகிற நாள் கொஞ்சமா அதிகமா, வெளியே போன காரணம் தற்காலிகமானதா, வேறெந்த நாட்டையும்விட கனடாவோடு பிடிப்பு அதிகமா. மூன்றாவது கேள்வி எனக்கு மிகப் பிடித்தது. வீடு திரும்புவதும் விருந்துக்கு வருவதும் ஒன்றல்ல என்பதை ஒரு சட்ட அளவுகோலாக்க ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே.

அடுத்த வருஷமே, 1993-ல், நீதிபதி மல்டூன் இரண்டையும் தள்ளினார். வசிப்பது என்றால் இருப்பதுதான். கடைத்தெருவில், நூலகத்தில், கார் பழுதுபார்க்கும் இடத்தில், லிஃப்டில், கோயிலில், மசூதியில் கனடாக்காரர்களோடு தோளுரசித் திரிந்தால்தான் ஒருவர் கனடாக்காரர் ஆவார், வங்கிக் கணக்கையும் சாமான்களையும் இங்கே போட்டுவிட்டு வேறு எங்கோ வாழ்கிறவர் எப்படி ஆவார் என்பது அவர் வாதம்.

மூன்றில் எது சரி என்று மேலே ஒரு நீதிமன்றம் தீர்த்துவைத்திருக்க வேண்டும். அந்தச் சட்டத்தில் அதற்கு வழியே இல்லை. கூட்டாட்சி நீதிமன்றத்தின் முடிவே இறுதி, அதற்கு மேல் முறையீடு கிடையாது. ஆகவே மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் உயிரோடு இருந்தன. 1999-ல் வந்த ஒரு தீர்ப்பு, விண்ணப்பத்தை முதலில் தீர்மானிக்கும் குடியுரிமை நீதிபதி இந்த மூன்றில் எதையும் எடுத்துக்கொள்ளலாம், சரியாகப் பொருத்தினால் போதும் என்றுகூடச் சொல்லிவிட்டது. ஒரே மாதிரி வெளியே இருந்த இரண்டு பேரில் ஒருவர் குடிமகனாவார், பக்கத்து அறையில் இன்னொருவர் மறுக்கப்படுவார். எந்த நீதிபதி முன்னால் கோப்பு விழுகிறது என்பதைப் பொறுத்தது.

இருக்கும் இடத்தைவிட இதயம் இருக்கும் இடம் பெரிது என்ற அந்தப் பழைய பார்வை மேலோட்டமாகப் பார்த்தால் இரக்கமுள்ளதாகத் தெரிகிறது. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அந்த வழக்குகளைப் படிக்கப் படிக்க அந்த எண்ணம் மாறிவிட்டது. வாழ்க்கையின் மையம் இங்கேதான் என்று காட்ட என்ன வேண்டும்? வாங்கிப் போட்ட வீடு, நிரம்பிய வங்கிக் கணக்கு, நிறுத்திவைத்த கார், ஓட்டுநர் உரிமம், ஒரு வழக்கறிஞர். ஊரில் இருக்கும் அப்பாவுக்கு மருந்துக்குப் பணம் அனுப்பிவிட்டு, கிராஸரிக் கடையின் பின்கட்டில் இரவு ஷிஃப்ட் பார்த்தவரிடம் இவையெல்லாம் ஏது? அவரிடம் இருந்தது அவருடைய நாட்கள் மட்டும்தான்.

அந்தக் காலத்தில் வான்கூவரில் ஒரு பேச்சு வழங்கியது. 1997-ல் ஹாங்காங் சீனாவிடம் போகப்போகிறது என்ற அச்சத்தில் குடும்பத்தைக் கனடாவில் குடியேற்றிவிட்டு, தொழிலுக்காக ஹாங்காங்குக்குத் திரும்பிவிட்ட தகப்பன்மாரை ‘விண்வெளி வீரர்கள்’ என்று அழைத்தார்கள். எப்போதும் ஆகாயத்திலேயே இருப்பவர்கள். சீன மொழியில் அந்தச் சொல்லைப் பிரித்துப் படித்தால் மனைவி அருகில் இல்லாதவன் என்றும் பொருள் வருமாம். ஒரு குடும்பத்தின் சோகம் முழுவதும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

சொல் தெளிவில்லாமல் இருந்ததால் மோசடியும் புகுந்தது. இல்லாதவரை இருந்ததாகக் காட்ட முகவரி, தொலைபேசி எண், ரசீதுகள் எல்லாவற்றையும் காசுக்குத் தயாரித்துக் கொடுக்கும் ஆலோசகர்கள் முளைத்தார்கள். 2012 செப்டம்பரில் அப்போதைய குடிவரவு அமைச்சர் ஜேசன் கென்னி, ஏறத்தாழ 11,000 பேர் விசாரணையில் இருப்பதாகவும், அவர்களில் ஏற்கெனவே குடிமக்களாகிவிட்ட சுமார் 3,100 பேரின் குடியுரிமையைப் பறிக்க நடவடிக்கை எடுப்பதாகவும் அறிவித்தார். அதற்கடுத்து பிரதமர் ஹார்ப்பரின் அரசு 2014-ல் கொண்டுவந்த சட்டம் கதவை இறுக்கியது. 2015 ஜூன் 11 முதல் 6 ஆண்டில் 1,460 நாள், அதிலும் நான்கு காலண்டர் வருஷங்களில் ஒவ்வொன்றிலும் 183 நாள் என்றாயிற்று. மாணவர்களும் அகதிகளும் பெற்றுவந்த பாதி நாள் கணக்கும் போயிற்று. அடுத்து வந்த பிரதமர் ட்ரூடோவின் அரசு 2017 அக்டோபர் 11 முதல் இதைத் தளர்த்தி, இன்று உள்ள 5 ஆண்டில் 1,095 என்ற நிலைக்குக் கொண்டுவந்து, பாதி நாளையும் திருப்பிக் கொடுத்தது. இரண்டு அரசுகளும் பல விஷயங்களில் நேரெதிராக நின்றன. உடலளவில் இருந்த நாள்தான் கணக்கு என்பதை மட்டும் இரண்டுமே மாற்றவில்லை.

அது நல்ல முடிவு என்றே நான் கருதுகிறேன். நாள் பணக்காரருக்கும் ஏழைக்கும் 24 மணி நேரம்தான்.

ஆனாலும் ஒரு சின்னத் திட்டிவாசல்

2020-ல் கொரோனாவால் உலகமே பூட்டிக்கிடந்தது. 2021 ஏப்ரல் 22-ம் தேதி இந்தியாவிலிருந்து வரும் விமானங்களைக் கனடா நிறுத்தியது. செப்டம்பர் கடைசியில்தான் மறுபடி விட்டார்கள். மெக்சிகோ, செர்பியா என்று மூன்றாம் நாட்டில் இறங்கிப் பரிசோதனை செய்துகொண்டு, பல மடங்கு பணம் கொடுத்து வந்து சேர்ந்தவர்கள் உண்டு. பணம் இல்லாதவர்கள் ஊரிலேயே கிடந்தார்கள். வராதே என்று தடுத்தது கனடா. நீ வரவில்லை என்று நாளைக் குறைத்ததும் கனடா. அந்த ஐந்து மாதங்களுக்குக் குடியுரிமைக் கணக்கில் எந்த விலக்கும் தரப்படவில்லை. இதை நியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வேலைக்காகப் போகிறவர்களின் கதையிலும் கனடாவுக்குப் பங்கு இருக்கிறது. பொறியாளர், மருத்துவர் என்று புள்ளி போட்டுத் தேர்ந்தெடுத்துத்தான் அழைத்து வருகிறார்கள். வந்தபின் உள்ளூர் அனுபவம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். உரிமம் பெற வருஷங்கள் ஆகின்றன. பிள்ளைகளையும் மனைவியையும் இங்கே விட்டுவிட்டு, குடும்பத்தலைவர் பழைய வளைகுடா வேலைக்கே திரும்புகிறார். மூன்று வருஷம் கழித்து மனைவி விண்ணப்பிக்கிறார். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தனியாக நாள் கணக்கு இல்லை, தாயோடு சேர்ந்து விண்ணப்பிக்கலாம். ஒருநாள் மூவரும் உறுதிமொழி எடுத்துக் குடிமக்களாகிறார்கள். அந்த வீட்டுக்கு வாடகை கட்டியவர் மட்டும் பிஆர் கார்டோடு விமான நிலையத்தில் வேறு வரிசையில் நிற்கிறார்.

தனிப்பட்ட, அசாதாரணத் துன்பம் உள்ள ஒருவருக்கு விதிகளைத் தாண்டிக் குடியுரிமை தர அமைச்சருக்கு அதிகாரம் இருக்கிறது. நாடற்றவர்களுக்கும் அது பொருந்தும். பெரிய கதவு அது, அரிதாகத்தான் திறக்கும். பத்து நாள் குறைந்தவர் தட்டுவதற்கான கதவு அல்ல. பிரிட்டன் இதை வேறு மாதிரி கையாள்கிறது. அங்கே 5 ஆண்டில் 450 நாளுக்கு மேலும், கடைசி ஒரு ஆண்டில் 90 நாளுக்கு மேலும் வெளியே இருந்திருக்கக் கூடாது. கனடாவைவிடக் கடுமையான வரம்புதான். ஆனால் 480 வரை போனால் வழக்கமாகப் பொறுத்துக்கொள்ளலாம் என்று அதிகாரிகளுக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். அதற்கு மேலும் தக்க காரணம் இருந்தால் எடைபோட்டுப் பார்க்கலாம். எண்ணிக்கையும் இருக்கிறது, கண்ணும் இருக்கிறது. கனடா நாள் கணக்கைக் கைவிட வேண்டாம். தாயின் கடைசி நாட்களுக்காக, அரசே மூடிய வானத்துக்காக, முப்பது நாள் அளவுக்கு ஒரு திட்டிவாசலை வைத்தால் போதும். அந்தத் தஞ்சாவூர்ப் பெண்ணின் ஆயிரம் நாள் மிஞ்சும்.

அதுவரை கணக்கைச் சரியாக வைத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. வெளியேறும்போது கனடா முத்திரை குத்துவதில்லை. ஆனாலும் தெரியாது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கத் தரை எல்லையைக் கடக்கும் பிஆர்காரர்களின் விவரத்தை இரண்டு நாடுகளும் 2013-லிருந்து பரிமாறிக்கொள்கின்றன. 2020 ஜூன் முதல் விமானத்தில் வெளியேறுவோரின் பட்டியலும் எல்லைச் சேவை முகமைக்குப் போகிறது. பஃபலோவுக்குச் சாமான் வாங்கப் போன சனிக்கிழமையைக்கூட எழுத வேண்டும். எழுதினால் நஷ்டம் ஒன்றும் இல்லை. கிளம்பிய நாளும் திரும்பிய நாளும் இரண்டுமே கனடாவில் இருந்த நாளாகத்தான் எண்ணப்படும், ஆகவே சனி போய் ஞாயிறு வந்தால் குறைவது பூஜ்யம். எழுதாமல் விட்டால்தான் சந்தேகம் வரும். விண்ணப்பித்த பிறகு ஊருக்குப் போகலாம். கையெழுத்திட்ட தேதியோடு அந்த 5 ஆண்டு நின்றுவிடுகிறது, அதற்குப் பின் வெளியே இருப்பது 1,095-ஐத் தொடாது. 730 மட்டும் தொடர்ந்து ஓடும். உறுதிமொழி எடுக்கும் நாளில் கனடாவில் இருந்தாக வேண்டும், கடிதங்களுக்கு நேரத்தோடு பதில் போக வேண்டும்.

இந்தியக் குடிமக்கள் இன்னொன்றையும் அந்த மேசையில் பேசிவிடுவது நல்லது. இலங்கை, விண்ணப்பித்துப் பெறும் இரட்டைக் குடியுரிமைக்கு இடம் கொடுக்கிறது. இந்தியா கொடுப்பதில்லை. கனடாவின் குடிமகனாகும் நாளில் இந்தியக் குடியுரிமை போய்விடும். இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வாங்கி வந்துபோகலாம், தங்கலாம், வாக்களிக்க முடியாது. நாளை எண்ணி முடித்த இரவில், நோட்டை மூடிய பிறகும் தூக்கம் வராமல் உட்கார்ந்திருப்பவர்கள் இதை நினைத்துத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

டொரண்டோவின் பியர்சன் விமான நிலையத்தில் நள்ளிரவை ஒட்டிப் புறப்படும் விமானங்கள் உண்டு. 11.50-க்குக் கிளம்புகிற விமானத்தில் ஏறினால் கனடாவில் இருந்த கடைசி நாள் இன்று. 12.30-க்குக் கிளம்புகிற விமானத்தில் ஏறினால் கடைசி நாள் நாளை. டிக்கெட் விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் இரண்டாவதைப் பதிவு செய்கிறார் மனைவி. நோட்டில் அந்தப் பயணத்தை எழுதி, இல்லாத நாள் என்ற பக்கத்தில் ஒரு எண்ணைக் குறைத்துப் போடுகிறார்.